நம் ஊர்ப் புத்தகங்கள் எங்கே போயின?

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தமிழ் கற்போர் கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சு)





பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கரும்பு வயலில் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். கடையில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஓடி வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். களைப்போடு வந்தும் படிக்க உட்காருகிறீர்கள். உங்களைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இன்றைக்கு நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய நூலகம், பல்கலைக்கழக நூலகம் என்று சொல்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது? அங்கே என்ன வேலை நடக்கிறது? நம்மைப் போன்றவர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவை நல்ல கேள்விகள். பதில் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் இந்தத் தீவிலிருந்தே தொடங்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத அரசர்

இந்த ஊர் ஒரு காலத்தில் ஒரு பெரிய அரசின் தலைநகரம். 1761-ஆம் ஆண்டு முதல் 1782-ஆம் ஆண்டு வரை ஹைதர் அலி இங்கே ஆட்சி செய்தார். அவர் பெரிய வீரர். ஆனால் அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கடிதங்களைப் பிறர் படிக்கக் கேட்பார். பதிலை வாயால் சொல்லி எழுத வைப்பார். அவருக்கு நினைவாற்றல் மிக அதிகம். அதைக் கொண்டே ஓர் அரசை நடத்தினார்.

எழுத்துத் தெரியாதவர் அறிவில்லாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹைதர் அலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மகன் திப்புவுக்கு ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார். தனக்குக் கிடைக்காத படிப்பு தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் உண்டு அல்லவா?

அந்த மகன் திப்பு சுல்தான் அரசர் ஆனதும் அரண்மனையில் பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அதில் ஏறத்தாழ 2,000 நூல்கள். எல்லாம் கையால் எழுதியவை. அரபு மொழி, பாரசீக மொழி, தக்கிண இந்துஸ்தானி மொழி நூல்கள் இருந்தன. சமயம், சட்டம், வரலாறு, கவிதை, மருத்துவம், கணக்கு, வானநூல் என்று பல துறைகள் இருந்தன.

பல நூல்களுக்கு இந்த ஊரிலேயே தோல் அட்டை போட்டுக் கட்டினார்கள். அட்டையின் மேல் கடவுளின் பெயரும் அரசின் பெயரும் பொறித்தார்கள். தோலைப் பதப்படுத்தியவர், தைத்தவர், எழுத்துப் பொறித்தவர் எல்லோரும் உழைப்பாளிகள். அவர்கள் கையின் அடையாளம் அந்த அட்டைகளில் இருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நூல்கள் எல்லாம் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. கடப்பை, கர்நாடகப் பகுதி முதலிய இடங்களில் நடந்த போர்களில் எடுத்து வந்த நூல்களும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்தில் வென்றவர் கைக்கு நூலும் போய்விடும். அடுத்து நடந்ததும் அதுதான்.

1799 மே 4

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி. பகல் வேளை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஆற்றைக் கடந்து வந்தது. பீரங்கியால் உடைத்த கோட்டைச் சுவர் வழியாக உள்ளே புகுந்தது. நிஜாமின் படையும் கம்பெனியோடு சேர்ந்து வந்திருந்தது. திப்பு சுல்தான் போரிட்டு இறந்தார்.

அன்று இரவெல்லாம் ஊரில் கொள்ளை நடந்தது. பொன் போயிற்று. நகை போயிற்று. பட்டுப் போயிற்று. அரண்மனை நூலகமும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

பெரும்பகுதி நூல்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே 1800-இல் கோட்டை வில்லியம் கல்லூரி என்ற ஒரு கல்லூரியைக் கம்பெனி தொடங்கியது. கம்பெனி அதிகாரிகளுக்கு நம் நாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் வேலை. நம்மை ஆள வந்தவர்கள் முதலில் நம் மொழியைப் படித்தார்கள். நம் நூல்களைப் படித்தார்கள். படிப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கல்லூரியில் பாரசீக மொழி கற்பித்தவர் சார்லஸ் ஸ்டூவர்ட். அவர் திப்புவின் நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினார். நூலின் பெயர் என்ன, எதைப் பற்றியது, எந்த மொழி என்று குறித்தார். அந்தப் பட்டியல் 1809-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் அச்சானது. நூல்கள் கை மாறின. ஊர் மாறின. ஆனாலும் பட்டியல் இருந்ததால்தான் அந்த நூலகத்தில் என்ன இருந்தது என்று இன்று நம்மால் பேச முடிகிறது.

நூல்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சில, கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்குப் போயின. சில, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பல்கலைக்கழக நூலகங்களுக்குப் போயின. பல, லண்டனில் இருந்த கம்பெனி நூலகத்துக்குப் போயின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. திப்பு தான் கண்ட கனவுகளைத் தன் கையாலேயே எழுதி வைத்த ஏடும் அங்கேதான் இருக்கிறது.

படிக்கும் அறையில் ஒரு புலி

நூலகங்களில் கண்காட்சி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த ஊர்ப் பொருள் ஒன்று லண்டன் நூலகக் கண்காட்சியில் இருந்த கதையைச் சொல்கிறேன்.

திப்புவிடம் மரத்தால் செய்த ஒரு பெரிய புலி இருந்தது. புலியின் கீழே ஒரு வெள்ளைக்காரன் விழுந்து கிடப்பான். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும். கீழே கிடப்பவன் முனகுவான். கையும் அசையும்.

அந்தப் புலியையும் கம்பெனி லண்டனுக்குக் கொண்டு போயிற்று. 1808 முதல் கம்பெனி நூலகத்தில் மக்கள் பார்க்க வைத்தார்கள். வந்தவர் எல்லாம் கைப்பிடியைச் சுற்றினார்கள். புலி உறுமியது. பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி ஓடவில்லை. இந்தச் சத்தம் தாங்க முடியவில்லை என்று முறையிட்டார்கள்!

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. யோசித்தால் வருத்தமாகவும் இருக்கிறது. நம் ஊர்ப் புலியை லண்டன் மக்கள் தொட்டுப் பார்த்தார்கள். நம் ஊர்ப் புத்தகங்களை அவர்கள் படித்தார்கள். இங்கே நமக்கு அரண்மனையின் இடிபாடுதான் மிஞ்சியது. ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் மட்டும் தெரிகிறது. அந்தப் புலி இன்றும் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காவிரியின் மறுமுனையில்

இந்த ஆற்றோடு கீழே போனால் தஞ்சாவூர் வரும். அங்கேயும் ஓர் அரசர் இருந்தார். பெயர் இரண்டாம் சரபோஜி. 1798-இல் அரசர் ஆனார். அடுத்த ஆண்டு, அதே 1799-இல், அவருடைய நாட்டு ஆட்சியையும் கம்பெனி உடன்படிக்கை மூலம் எடுத்துக்கொண்டது.

ஆனால் அங்கே அரண்மனையும் நூலகமும் அவரிடமே இருந்தன. அவர் 1832 வரை வாழ்ந்தார். காசிக்குப் போனபோதுகூட அங்கிருந்து ஏடுகளைச் சேர்த்து வந்தார். அவருடைய வழியில் அரசர்கள் இல்லாமல் போன பிறகும் நூலகம் நின்றது. 1918-இல் அது பொது மக்களுக்கு உரிய நூலகம் ஆயிற்று. அதுதான் இன்றைய சரசுவதி மகால் நூலகம்.

திப்பு போரிட்டார். சரபோஜி உடன்பட்டார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. நூல்களைப் பற்றி மட்டும் பார்ப்போம். ஓர் இடத்தில் நூல்கள் ஊரை விட்டே போய்விட்டன. இன்னோர் இடத்தில் நூல்கள் மக்களுக்குச் சொந்தம் ஆயின. மக்களுக்குச் சொந்தமான நூலகத்தை எந்தப் போரிலும் பரிசாக எடுத்துப் போகக் கூடாது. அதைக் காப்பது மக்களின் கடமை.

ஒரு கட்டு ஏடு

இப்போது மறுபடியும் நம் பக்கம் வருவோம். இங்கிருந்து 15 கிலோமீட்டர் தூரத்தில் மைசூர். அங்கே 1891-இல் மைசூர் அரசு ஒரு கீழ்த்திசை நூலகத்தைத் தொடங்கியது. பழைய ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. ஓலைச்சுவடி என்றால் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய நூல். அச்சு வருவதற்கு முன்னால் நம் நாட்டில் மருத்துவம், கணக்கு, கதை, பாட்டு எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டன.

ஒருநாள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இந்த நூலகத்துக்கு ஒரு கட்டு ஏடு கொடுத்தார். கிரந்த எழுத்தில் எழுதிய சமஸ்கிருத நூல். அங்கே நூலகராக இருந்தவர் ஆர். சாம சாஸ்திரி. அவர் ஓலை ஓலையாகப் படித்துப் பார்த்தார். 1905-ஆம் ஆண்டு அது என்ன நூல் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அது கௌடில்யர் எழுதிய அர்த்தசாஸ்திரம்!

பழைய நூல்கள் பலவற்றில் அதன் பெயர் வரும். ஆனால் முழு நூல் எங்கே இருக்கிறது என்று அறிஞர்களுக்குத் தெரியாமல் இருந்தது. தொலைந்தே போயிற்று என்று நினைத்தார்கள். சாம சாஸ்திரி 1909-இல் அதை அச்சிட்டார். 1915-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். வரி எப்படி வாங்குவது, கூலி எவ்வளவு கொடுப்பது, நிலத்துக்குத் தண்ணீர் எப்படி விடுவது, எடையில் ஏமாற்றுபவனுக்கு என்ன தண்டனை என்று பழைய காலத்து வாழ்க்கை அதில் இருக்கிறது. நம் நாட்டு வரலாற்றைப் புதிதாக எழுத வைத்த நூல் அது. பின்னால் வேறு இடங்களிலும் அதன் பிரதிகள் கிடைத்தன.

அந்தப் பண்டிதரை நினைத்துப் பாருங்கள். கட்டை வீட்டுப் பரணிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரையான் தின்றிருக்கலாம். மழையில் நனைந்திருக்கலாம். ஆற்றோடும் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விடும் பழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, இப்படிப் போன ஏடுகளைப் பற்றிக் கேட்டு மனம் நொந்தார். நூல் இருந்தது, படிக்க ஆள் இல்லை. அதனால் ஆற்றில் விட்டார்கள்.

1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்த ஏட்டு நூலகமும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்று அதற்குக் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என்று பெயர். அர்த்தசாஸ்திர ஏடு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே என்ன வேலை நடக்கிறது?

ஓலை சில நூறு ஆண்டுகள்தான் தாங்கும். அதனால் இப்படிப்பட்ட நூலகத்தில் முதல் வேலை, காப்பது. ஓலைகளில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைக்கிறார்கள். ஓலை காய்ந்து முறியாமல் இருக்க, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுகிறார்கள். எழுத்து மங்கிப் போனால் கரி மை தேய்க்கிறார்கள். கீறல்களில் மை இறங்கி எழுத்துப் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது வேலை, பட்டியல் எழுதுவது. ஆயிரக்கணக்கான கட்டுகளில் வேண்டிய ஒன்றை எப்படி எடுப்பது? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல. எண்ணைச் சொன்னால் நூல் வந்துவிடும். முன்பு இந்தப் பட்டியலை அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில் வைக்கிறார்கள்.

மூன்றாவது வேலை, படி எடுப்பது. முன்பு ஏட்டைப் பார்த்துக் கையால் எழுதினார்கள். இப்போது ஓலைகளைப் படம் பிடித்துக் கணினியில் சேமிக்கிறார்கள். ஓலை அழிந்தாலும் எழுத்து அழியாது. கடல் கடந்து போன நூல்கள் சிலவற்றின் படங்களையும் இப்படித்தான் இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

நான்காவது வேலை, காட்டுவது. பூட்டி வைத்த நூலால் யாருக்கும் பயன் இல்லை. அதனால் பெரிய நூலகங்களில் அவ்வப்போது கண்காட்சி வைக்கிறார்கள். பழைய நூல், பழைய படம், பழைய வரைபடம் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் விவரம் எழுதியிருக்கும். இதுவரை அந்த அட்டையைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டீர்கள். இனி நீங்களே படிக்கலாம்.

நூலகம் நம்மைத் தேடி வந்தது

நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பாடுபட்டவர் ஒருவர் நம்மில் இருந்தார். பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். முதலில் கணக்கு ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார்.

அந்தக் காலத்தில் நூலகம் என்றால் பூட்டுப் போட்ட அலமாரிதான். வேண்டிய நூலைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார். வருகிறவர்களே போய்ப் பார்த்து எடுக்கலாம் என்றார். நூல் அடுக்கி வைப்பதற்கு இல்லை, படிப்பதற்குத்தான் என்பது அவர் கொள்கை. படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் ஒன்று இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொருவருக்கும் என்றால் உங்களுக்கும்தான்.

1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி நூலகம் தொடங்கியது. ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். வண்டி நிறையப் புத்தகம். மாடுகள் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும். நூலகத்துக்குப் போக முடியாத மக்களிடம் நூலகமே வந்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. கர்நாடகத்தில் 1965-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. ரங்கநாதனின் நினைவாக ஆகஸ்ட் 12-ஐ நாட்டின் நூலகர் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம்.

இனி நாம் என்ன செய்யலாம்?

முதலில் பொது நூலகத்துக்குப் போங்கள். அது எல்லோருக்கும் உரியது. கிராமப் பஞ்சாயத்து நூலகங்களும் இருக்கின்றன. உள்ளே போகத் தயங்க வேண்டாம். வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். கைநாட்டு வைத்த விரலால் இப்போது பெயர் எழுதுகிறீர்கள். அதைவிடப் பெருமை வேறு என்ன? செய்தித்தாளை எடுங்கள். தலைப்பை மட்டும் படித்தாலும் போதும். நாளைக்கு இரண்டு வரி கூடும். தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்டால்தான் வரும்.

உறுப்பினர் ஆனால் புத்தகத்தை வீட்டுக்கும் எடுத்து வரலாம். குறித்த தேதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் காத்திருப்பார் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்தை மடிக்காதீர்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள்.

பல்கலைக்கழக நூலகம் முதலில் அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. வெளியார் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கண்காட்சி நடக்கும்போது பார்க்கலாமா என்று குழுவாகக் கேட்டுப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ சொந்த ஊரிலோ பழைய ஓலைச்சுவடி இருக்கலாம். தாத்தா எழுதிய வைத்தியக் குறிப்பாக இருக்கலாம். நிலக் கணக்காகவும் இருக்கலாம். அதை ஆற்றில் விடாதீர்கள். எரிக்காதீர்கள். பழைய பொருள் வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கயிறு இற்றுப் போயிருந்தால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். ஓலைகள் வரிசை மாறிவிடும். சமையல் எண்ணெய் தடவ வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். பிறகு ஓர் ஏட்டு நூலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏட்டைக் கொடுக்க மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள்.

இந்த ஊரில் இருந்த 2,000 நூல்கள் ஒரே நாளில் அடுத்தவர் கைக்குப் போயின. அன்று அந்த நூல்கள் அரசருக்குச் சொந்தம். ஊர் மக்களில் எத்தனை பேர் அவற்றைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? போனதைக் கேட்டு அழக்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இன்று நிலைமை வேறு. நூலகம் நம் வரிப் பணத்தில் நடக்கிறது. அது நம் சொத்து. நாம் உள்ளே போய்ப் படித்தால்தான் அது வாழும். நாம் போகாவிட்டால் பூட்டிவிடுவார்கள். அப்புறம் கொள்ளையடிக்கப் படை எதுவும் வர வேண்டாம். கரையானே போதும்.

அதனால் வருகிற வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து நூலகத்துக்குப் போவோம். ஆளுக்கு ஒரு புத்தகம் எடுப்போம். அடுத்த கூட்டத்தில் என்ன படித்தோம் என்று பேசுவோம்.



கலந்து பேசுங்கள்

1. எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் அலி தன் மகனை ஏன் படிக்க வைத்தார்?
2. திப்புவின் நூல்கள் எந்த எந்த ஊர்களுக்குப் போயின?
3. தஞ்சாவூர்ப் பண்டிதர் ஏட்டை நூலகத்துக்குக் கொடுத்ததால் என்ன நன்மை ஏற்பட்டது?
4. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நூலகம் எங்கே இருக்கிறது? அது எந்த நேரம் திறந்திருக்கும்? கேட்டு வந்து எழுதுங்கள்.